எட்டாம் நம்பர் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் சொல்லி

ஸ்பிரிதோன் என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது எட்டாம் நம்பர் பஸ்ஸில். கண்டக்டர் கிளாவாதான் சொன்னாள். "ஸ்பிரிதோன் மாமா, ஸ்டாப் பேரைச் சொல்றதுக்கு எனக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க. என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தால், அங்கே நின்றுகொண்டிருந்தவர் என் தங்கை உஸ்தீனாவின் மூத்தார், அதாவது அவள் புருஷன் தெரென்தியின் கூடப்பிறந்த அண்ணன். தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியும் அந்த மனிதரின் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் சாகா ஜனத்தில், பழைய குடும்பங்களில், மருமகளாகப் போனவள் மாமனார் பெயரையும் மூத்தார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டாள். அவர்களிடம் நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். தங்கை "மூத்தார், மூத்தார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளா, நானும் அவருக்கு அதுதான் பெயர் என்று இருந்துவிட்டேன்.

அது ஒரு மனிதரின் பெயர் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதற்கப்புறம் நாற்பது குளிர்காலம் பஸ்ஸில் போய்வந்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரு இனத்தின் பெயர். கோள் சொல்லி உண்டு, குறி சொல்லி உண்டு அல்லவா? இவர்கள் ஸ்டாப் சொல்லிகள்.

கோடையில் இந்த இனத்தை அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஜூலையில் எட்டாம் நம்பரில் ஏறிப் பாருங்கள். கண்ணாடி தெளிவாக இருக்கும், சந்தை சந்தையாகத் தெரியும், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தெரியும், கைக்குழந்தைகூட இடம் பார்த்து விரல் நீட்டும். ஸ்பிரிதோன் அப்போது ஒரு மூலையில் கொசுவை விரட்டிக்கொண்டு, வேலை போன மனிதரைப்போல வாடி உட்கார்ந்திருப்பார். அக்டோபர் கடைசியில் கண்ணாடியின் உள்பக்கம் பனி பிடிக்கும். நவம்பரில் அது விரல் தடிமன். டிசம்பரில் ஜன்னல் எது, தகரம் எது என்று தெரியாது. எல்லாம் பஸ்ஸில் இருக்கிற நாற்பது பேர் விட்ட மூச்சு. அதுதான் போய் ஒட்டிக்கொண்டு நம் கண்ணையே மறைக்கிறது. கட்டை விரலை வைத்து அழுத்தி, விரல் மரத்துப்போகும்வரை பொறுத்து, ஒரு பொத்தல் போட்டு, அதில் கண்ணை வைத்தால் வெளியே என்ன தெரியும்? மூடுபனி. வெள்ளைக்கு அப்பால் இன்னொரு வெள்ளை. யாகுத்ஸ்க் ஊரில் ஜனவரி மாதம் பஸ்ஸில் போகிறவளுக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரியும். எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது.

ஸ்டாப் சொல்லி உயிர்த்தெழுவது அப்போதுதான்.

ஏறியதும் அவர் உட்கார மாட்டார். நீங்களும் நானும் காலி இடத்துக்கு ஓடுவோம். அவர் கதவுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையுறையை மட்டும் கழற்றி, நரித்தோல் தொப்பியின் ஒரு பக்கத்துக் காதுமூடியை மட்டும் தூக்கி விட்டுக்கொண்டு, பஸ்ஸின் கூரையைப் பார்ப்பார். ஜன்னலைப் பார்க்கவே மாட்டார். விரலால் பொத்தல் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். "கண்ணால பாத்துச் சொல்றதுக்கு மனுஷன் எதுக்கு? நாய் சொல்லிரும்" என்பார். பஸ் ஒரு பக்கம் வளையும். "ம்" என்பார். குலுங்கும். "ம், குழாய் மேடு" என்பார், தெருவுக்குக் குறுக்கே வெந்நீர்க் குழாய் போகிற மேட்டைச் சொல்லி. மறுபடி ஒரு குலுக்கல். அது குலுக்கலாக இல்லாமல் பக்கத்தில் நிற்கிற குண்டு மனிதர் தும்மியதாகவும் இருக்கலாம். அதற்கும் ஒரு "ம்" உண்டு. அப்புறம், யாரும் கேட்பதற்கு முன்னால், ஆனால் யாராவது கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்த அந்த நொடியில், தொண்டையைச் செருமுவார்.

"நாடகக் கொட்டகை."

அவ்வளவுதான். முன்னாலும் ஒரு வார்த்தை இல்லை, பின்னாலும் ஒரு வார்த்தை இல்லை. மூன்று பேர் எழுந்து கதவுப் பக்கம் போவார்கள்.

ஒரு வருஷம் பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்ல டேப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். முதல் பெருங்குளிரிலேயே அதற்கு நாக்கு இழுத்துக்கொண்டது. எந்த ஸ்டாப் வந்தாலும் "சந்தை" என்றே சொல்லும். ஸ்பிரிதோன் அதோடு சண்டைக்கு நின்றார். "பொய் சொல்லுது" என்பார் ஒவ்வொரு தடவையும். ஒரு சவாரிக்கு ஒரு தடவை, நிஜமாகவே சந்தை வரும்போது, பெட்டி சரியாகத்தான் சொல்லும். அந்த ஒரு தடவையும் அவர் "பொய்" என்றுதான் சொன்னார். விறகுக்கட்டைபோல விறைத்த மீன்களைச் செங்குத்தாகக் கட்டிப் பிடித்தபடி நாலு பேர் அந்த ஸ்டாப்பில் ஏறினார்கள். ஸ்பிரிதோன் மீனைப் பார்த்தார். "மீன் எங்க வேணாலும் கெடைக்கும்" என்றார்.

ஐந்துக்கு மூன்று சரியாகச் சொல்வார். பாக்கி இரண்டு என்ன ஆகும் என்கிறீர்களா? பாக்கி இரண்டிலும் தப்பு ஊரின் மேல்தான். பஸ் முன்கூட்டியே வந்திருக்கும். ஸ்டாப்பை எவனோ நகர்த்தியிருப்பான். டிரைவர் புதுசு. என் பெரியப்பா பேத்தி மாத்ரியோனா, பன்னிரண்டு பசு வைத்திருந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஒரே ஒரு பசுவோடு தனிக்குடித்தனம் வந்தவள், ஒருநாள் இவர் பேச்சைக் கேட்டுச் சந்தை என்று நினைத்து இறங்கி, கல்லறை வாசலில் போய் நின்றாள். மறுவாரம் அதே பஸ்ஸில் அவரைப் பார்த்துக் கேட்டே விட்டாள்.

"சந்தைன்னு சொன்னீங்களே மாமா, கல்லறையில எறக்கி விட்டுட்டீங்களே."

"உங்க பாட்டி அங்கதானே இருக்காங்க?" என்றார் ஸ்பிரிதோன்.

"ஆமா."

"பாத்துட்டு வந்தியா?"

"வந்தேன்."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

மாத்ரியோனா தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள் என்று கேள்வி.

அப்படியானால் ஏன் நம்புகிறோம்? நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். சக்கரம் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டிக்குள், காலடியில் குளிர் ஏற, எதிரில் இருப்பவரின் முகத்தில் புருவம் மட்டும் தெரிய, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் குலுங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு குரல் தெளிவாக "மாவு மில்" என்று சொன்னால் அது அடுப்புச் சூடு மாதிரி இருக்கிறது. சரியா தப்பா என்பது அப்புறம். தெரியாது என்று சொல்கிற நல்லவனைவிட, தெரியும் என்று சொல்கிற எவனையும் ஜனங்களுக்குப் பிடிக்கும். இது பஸ்ஸுக்கு மட்டும் உள்ள வியாதியா என்ன?

சரி, அந்த ஜனவரி விஷயத்துக்கு வருகிறேன்.

தெரென்தி போய்ச் சேர்ந்த நாலாவது வருஷம் அது. என் தங்கைக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்று குளிர்காலமாகவே டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்; அடுப்பில் இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டாள். மகன் நல்லவன்தான், ஆனால் முடிவாகச் சொல்லிவிட்டான்: "அம்மா, கண்ணு சரியானா நீ உன் வீட்ல இரு. இல்லைன்னா வசந்தத்துல வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டு உன்னையும் கூட்டிட்டுப் போயிருவேன்." மகன் வீடு நாலாவது மாடி. மருமகள் வாய் ஓயாதவள். உஸ்தீனாவுக்குத் தன் வீட்டுச் சாவிதான் பெரிசு. ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிப் பதினான்கு மாதம் காத்திருந்த பிறகு கடிதம் வந்தது: ஜனவரி பதினேழு, காலை ஒன்பது மணிக்குள் பதிவு. தவறினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். கடைசி என்றால் அடுத்த குளிர்காலம்.

கூடப்போக நான் இருந்தேன். அது போதாது என்று ஸ்பிரிதோன் வந்து நின்றார்.

தங்கை முறையை விடுகிறவள் இல்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அந்த முழத்தில் நான்.

"அக்கா, மூத்தார் எதுக்குக் குளிர்ல அலையணும், வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் தங்கை.

"சம்பந்தியம்மா, நான் வரலைன்னா நீங்க ரெண்டு பேரும் விமான நிலையத்துலதான் போய் எறங்குவீங்கன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் நான் இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவையும், அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவையும் சொன்னேன். முறை முறைதானே.

அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்திரண்டு டிகிரி. எட்டாம் நம்பர் வந்தது. கிளாவாவுக்குக் காய்ச்சல் என்று அவள் இடத்தில் ஒரு புதுப் பெண், மேல்கரை ஊரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். கலைமான் தோல் பூட்ஸ் காலை ஹீட்டர்மேல் வைத்துக்கொண்டு மிரண்டு போய் உட்கார்ந்திருந்தாள். ஸ்பிரிதோன் தன் இடத்தில் நின்று, ஒரு கையுறையைக் கழற்றி, கூரையைப் பார்த்து, "மாவு மில்" என்றார். கதவு திறந்தது, மாவு மூட்டையோடு ஒருவர் ஏறினார். புதுப் பெண் அவரைச் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மாமா, அடுத்தது எதுன்னு சொல்லுங்களேன். எனக்கு இன்னும் பழகல."

நாற்பது வருஷமாகக் கண்டக்டர்களிடம் திட்டு வாங்கியவர் அவர். அவரை ஒரு கண்டக்டரே ஸ்டாப் கேட்கிறாள். ஸ்பிரிதோன் இன்னொரு கையுறையையும் கழற்றினார். தொப்பியின் இரண்டாவது காதுமூடியையும் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்குக் கொஞ்சம் பிற்பாடு டிரைவர், குளிருக்காகத் தன் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்ட தோல்திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னமோ கத்தினார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள் புதுப் பெண்.

"குளிரைத் திட்டறார்" என்றார் ஸ்பிரிதோன்.

விடியற்காலையில் பெரிய தெருவில் வெந்நீர்க் குழாய் வெடித்து, தெரு முழுக்கப் பனிப்பாளமாகி, பஸ்களையெல்லாம் பின்தெரு வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். டிரைவர் கத்தியது அதைத்தான். எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

பஸ் வளைந்தது. நான் தங்கைமேல் சாய்ந்தேன். வழக்கமாக அந்த இடத்தில் தங்கைதான் என்மேல் சாய்வாள்.

"அக்கா, இது நம்ம வழி இல்ல" என்றாள் உஸ்தீனா மெதுவாக. "குழாய் மேடு வரல. மேடு ஏறினா வயித்துல ஒரு தூக்கு தூக்கும். தூக்கல. மூத்தார்கிட்டச் சொல்லுங்க."

நான் சொன்னேன்.

"கண்ணு தெரியாதவங்களுக்குப் பஸ்ல பயம் வர்றது சகஜம்தான்னு சொல்லுங்க, சம்பந்தியம்மா" என்றார் ஸ்பிரிதோன். "மேட்டைச் செதுக்கிட்டாங்க. போன வாரமே சொன்னேன், செதுக்குவாங்கன்னு."

அவள் சொன்னதை யோசித்திருக்க வேண்டும். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அன்று காலையிலிருந்துதான் கண் தெரியவில்லை. அவளுக்கு மூன்று வருஷமாகத் தெரியவில்லை. கண் இல்லாமல் எப்படிப் போவது என்பது எங்களில் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் அவர் குரல் பெரிசு, அவள் குரல் சின்னது. நான் அவரை நம்பினேன். வேறு காரணம் சொல்ல எனக்கு இல்லை.

"கண் ஆஸ்பத்திரி" என்றார் ஸ்பிரிதோன். புதுப் பெண் அதை வாங்கி உரக்கச் சொன்னாள். "கண் ஆஸ்பத்திரி, எறங்குங்க."

இறங்கினோம். எங்களோடு மீன்கட்டு வைத்திருந்த ஒரு மனிதரும் இறங்கினார். பஸ் பத்தடி போவதற்குள் மூடுபனி அதை விழுங்கியது.

"அக்கா" என்றாள் தங்கை. "ஆஸ்பத்திரிக்குப் பின்னால கொதிகலன் இரையும். இங்க சத்தமே இல்ல."

"அணைச்சு வெச்சிருப்பாங்கன்னு சொல்லுங்க" என்றார் ஸ்பிரிதோன்.

ஐம்பத்திரண்டு குளிரில் கொதிகலனை அணைத்து வைப்பார்களாம். அணைத்தால் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிச் சுவர் வெடித்துவிடும். அதை அவருக்குச் சொல்ல வாயைத் திறந்தால் பல் கூசியது; மூடிக்கொண்டேன். எதிரே மங்கலாக வெளிச்சம். படி. இரட்டைக் கதவு. உள்ளே போனால் கதகதப்பு, பிரகாசமான விளக்கு, வெள்ளை அங்கி போட்ட பெண்கள் வேகமாக அங்கும் இங்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஸ்பிரிதோன் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு வெள்ளை அங்கியை நிறுத்தினார். "கண்ணு எந்த மாடி?"

"என்ன கண்ணு?"

"புரைக் கண்ணு. ஒம்போது மணிக்குப் பதிவு."

அந்தப் பெண் தன் கையைப் பார்த்தாள். முழங்கைவரை மாவு. "ஐயா, இது ரொட்டி சுடற எடம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். அடுப்பு வாய்கள். சட்டிகள். மனிதன் உயரத்துக்கு ரொட்டி அடுக்கிய தட்டு வண்டிகள். சாதாரண மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் முடிந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியை எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார்.

"நான் பத்தொம்போது வருஷமா இங்க இருக்கேன். ரொட்டிதான் சுடறோம்."

"அதான் கேக்கறேன். உங்களுக்கும் சொல்லலையா?"

மீன்காரர் அதற்குள் இரண்டு ரொட்டி வாங்கியிருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் இறங்கிச் சந்தைக்கு நடக்க வேண்டியவர். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சுவரோரம் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்க்கத் தொடங்கினார்.

சுவரில் மணி எட்டு நாற்பது. அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். அன்றைக்கு வழியே மாறிவிட்டது, வரலாம், வராமலும் போகலாம் என்றாள் அந்தப் பெண். அப்புறம் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "வாசலுக்கு வெளியே தடிக் குழாய் ஒண்ணு போகுதும்மா. கண்ணுக்குத் தெரியாது, கையால பிடிச்சுக்கிட்டே போங்க. அது முடியற எடம்தான் கொதிகலன். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி. அரை மணி நேரம் ஆகும். மூக்கை மூடிக்கங்க, நிக்காதீங்க."

உஸ்தீனா அழவில்லை. அழுதுவிட்டு அந்தக் குளிரில் இறங்கினால் இமை ஒட்டிக்கொள்ளும். "இன்னைக்கு விட்டா சாவி போச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டினாள், வெளியே வந்தாள், இடது கையைக் குழாய்மேல் வைத்தாள், வலது கையால் என் இடுப்பு வாரைப் பிடித்து என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், நடந்தாள். தன் வீட்டுக்குள் அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போகிறவள் போலத்தான் நடந்தாள். நான் ஒரு தடவை வழுக்கினேன், அவள் வழுக்கவில்லை. எனக்குப் பின்னால் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பிரிதோன்.

சும்மா வந்தாரா? "பள்ளம்" என்றார், நாங்கள் பள்ளத்தைத் தாண்டிய பிறகு. "இங்க குனியணும்" என்றார், குறுக்குக் குழாயில் என் நெற்றி இடித்த சத்தம் கேட்ட பிறகு. "இப்ப இடது பக்கம்." அதற்குள் நாங்கள் இடது பக்கம் திரும்பிப் பத்தடி போயிருப்போம். தங்கை எங்கே மூச்சு வாங்க நின்றாளோ அங்கே அவர் "கொஞ்சம் நில்லுங்க" என்று உத்தரவு போட்டார். அவள் எப்போது கிளம்பினாளோ அப்போது "சரி, போலாம்" என்றார். அந்த அரை மணி நேரத்தில் அவர் சொன்ன ஒன்றுகூடத் தப்பாகவில்லை. வாழ்நாளில் அவர் ஐந்துக்கு ஐந்து சரியாகச் சொன்னது அந்த ஒரு வழியில்தான். கடைசியில் கொதிகலன் இரைச்சல், செத்தவனுக்கும் கேட்கும்படி, எங்கள் நெஞ்செலும்பில் வந்து அதிர்ந்தது.

"கொதிகலன்" என்றார் ஸ்பிரிதோன். "சொன்னேன்ல, அணைக்க மாட்டாங்கன்னு."

ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது எங்கள் மூன்று பேரின் இமையும் புருவமும் வெள்ளை. பதிவு ஜன்னலில் இருந்த பெண் தடிமனான நோட்டை மூடி, பேனாவை மேலே வைத்து, மரப்பலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே கடிகாரத்தில் ஒன்பது பத்து.

"முடிஞ்சுதும்மா. ஒம்போது மணி வரைக்கும்தான்."

நான் கெஞ்சினேன். குழாய் என்றேன், ரொட்டி என்றேன், பதினான்கு மாதம் என்றேன். அவள் கெட்டவள் இல்லை. "படுக்கை நாலுதான் இருக்கு. வராதவங்க எடத்துக்கு வெளியூர் ஆள் ரெண்டு பேர் விடியலேர்ந்து காத்திருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். தங்கை கடிதத்தை மடித்துக் கையுறைக்குள் வைக்கப் பார்த்தாள். விரல் மரத்துப்போயிருந்ததால் மடிக்க வரவில்லை.

ஸ்பிரிதோன் தொண்டையைச் செருமினார்.

"எட்டு அம்பத்தஞ்சு" என்றார்.

"என்ன?"

"மணி. எட்டு அம்பத்தஞ்சு. உங்க கடியாரம் கால் மணி நேரம் முன்னாடி ஓடுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"நாங்க எட்டாம் நம்பர்ல வந்தோம். எட்டாம் நம்பர் இந்த ஸ்டாப்புக்கு எட்டு அம்பத்தஞ்சுக்கு வரும். நாங்க வந்துட்டோம். அப்ப மணி எட்டு அம்பத்தஞ்சு."

அந்தப் பெண் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "இதுலயும் ஒம்போது பத்துதான்."

"அதை எதைப் பாத்து வெச்சீங்க?"

அவள் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். ஸ்பிரிதோன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்களுக்காக அவர் பொய் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவனுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் கண் தாழும். அவருக்குத் தாழவில்லை. ரொட்டி சுடுமிடம், குழாய், அரை மணி நடை எதுவுமே அவருக்கு நடக்கவில்லை. அவர் எட்டாம் நம்பரில் ஏறினார், ஆஸ்பத்திரியில் இறங்கினார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட முகத்துக்கு முன்னால் ஒரு சுவர்க் கடிகாரம் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும்?

அவள் மரப்பலகையை விட்டாள். நோட்டைத் திறந்தாள். "பேர்?" என்றாள்.

"உஸ்தீனா" என்றேன் நான், தங்கைக்கு வாய் உறைந்திருந்ததால்.

மறுநாள் கஞ்சி கொண்டுபோனபோது பார்த்தேன், அந்தக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வசந்தம் வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி ஊரைவிடக் கால் மணி நேரம் பிந்தியே ஓடியது. ஒருத்தரும் சாகவில்லை.

ஒரு கண் ஜனவரியில், ஒரு கண் பிப்ரவரியில். இரண்டாவது கட்டும் பிரித்து வீட்டுக்குக் கூட்டிவரும்போது ஸ்பிரிதோனும் வந்தார். நாங்கள் தனியாகப் போனால் ஊர் தாங்காது அல்லவா. பஸ்ஸில் கிளாவா திரும்ப வந்திருந்தாள், அதனால் அவர் குரலைக் கொஞ்சம் தணித்துத்தான் சொன்னார். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டை விரலால் பொத்தல் போட்டு, புதுக்கண்ணை அதில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கு மூடுபனி இல்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

"மாவு மில்" என்றார் ஸ்பிரிதோன்.

தங்கை பொத்தலில் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு. அவள் வீட்டுப் புகைபோக்கி. மாவு மில் போய் இரண்டு ஸ்டாப் ஆகியிருந்தது.

அவள் எழுந்தாள், பையை எடுத்துக்கொண்டாள், அவர் பக்கம் பாராமல் என்னிடம் சொன்னாள்: "அக்கா, மூத்தார் சொன்ன ஸ்டாப் வந்துருச்சு, எறங்கலாம்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். ஸ்பிரிதோன் தலையாட்டி இறங்கினார். சாவியைப் பூட்டுக்குள் ஒரே தடவையில் போட்டு அவள் கதவைத் திறந்ததை அவர்தான் முதலில் கவனித்தார். "சொன்னேன்ல, நல்லாயிரும்னு" என்றார்.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நாளைக்குப் பஸ்ஸில் பக்கத்து ஆள் உங்கள் தோளைத் தொட்டு "இது எந்த ஸ்டாப்?" என்று கேட்கும்போது கவனித்துப் பாருங்கள். உங்கள் ஜன்னலும் வெள்ளையாகத்தான் இருக்கும். நீங்களும் அரைத் தூக்கத்தில்தான் இருந்திருப்பீர்கள். "தெரியல" என்பது பெரிய வார்த்தை இல்லை. வாய்க்குள் நன்றாகவே அடங்கும். வெளியே வருகிறதா என்று பாருங்கள். பஸ்ஸில் ஏறாதவர் என்றால், யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை சரிப்படும், யாருக்கு வந்திருப்பது என்ன வியாதி, இந்த வருஷம் ஆற்றில் உறைந்த பனி எந்தத் தேதி உடையும் என்று யாராவது கேட்கும்போது பாருங்கள். போன செவ்வாய்க்கிழமை என்னை ஒரு பெண் கேட்டாள், கையில் கைக்குழந்தை. "சந்தை" என்றேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். அது சந்தையாகவும் இருந்திருக்கலாம்.

ஸ்பிரிதோனுக்கு இப்போது எண்பத்தாறு வயது. லேனா ஆற்றுக்கு அக்கரையில், பெரிய மகள் வீட்டில் இருக்கிறார். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.